அம்மாவின் வேலையை மறைத்த ஒரு பதில்: வங்கி நேர்முகத் தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஐ.பி.பி.எஸ். நிறுவனம் நடத்தும் பி.ஓ. (தகுதிகாண் அதிகாரி) தேர்வை எழுதி, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நேர்முகத் தேர்வு வரை சென்ற ஒரு பெண்ணைப் பற்றியது இந்த ஆய்வு. கோவில்பட்டிக்கு அருகில் உள்ள ஒரு கிராமம் அவருடையது. 2023 ஜனவரி இறுதியில் நடந்த முதல் நேர்முகத் தேர்வுக்குப் பின் வெளியான பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2024 ஏப்ரல் 1 அன்று வெளியான பட்டியலில் இருந்தது. முதன்மைத் தேர்வில் இரு முறையும் அவர் வாங்கிய மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றுதான். கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் என்பது உண்மையே ஆனாலும், நேர்முகத் தேர்வின் மதிப்பெண் தனியாகவே வெளியாகிறது; கூடியிருந்தது அதுதான். எனவே அந்த ஓராண்டில் அவர் தயாரிப்பில் என்ன மாறியது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்பகுதிப் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துகிறேன். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன் என்றாலும், அவர் பெயரையும் அவர் சேர்ந்த வங்கியின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

இந்தத் தேர்வில் நேர்முகத்தின் எடை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இறுதித் தகுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கு 80 பங்கும் நேர்முகத் தேர்வுக்கு 20 பங்கும் உண்டு. முதல்நிலைத் தேர்வின் மதிப்பெண் அதில் சேர்வதில்லை. நேர்முகத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. அதில் குறைந்தது 40 விழுக்காடு பெற வேண்டும்; பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு 35 விழுக்காடு போதும். ஆக, நேர்முக அறையில் ஒருவர் 25 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றால் இறுதிக் கணக்கில் அது 5 மதிப்பெண்ணாகச் சேரும். புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களில் இடம் தவறிப்போகிற ஒரு பட்டியலில் 5 என்பது பெரிய தொகை.

முதல் நேர்முகம்

முதல் முறை அவர் என்னிடம் வரவில்லை. தனியாகத்தான் படித்தார். படிக்கவில்லை என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது: கெட்டி அட்டை போட்ட ஒரு நீள நோட்டு முழுக்கக் கையால் எழுதியிருந்தார். ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டி) 6.25, சி.ஆர்.ஆர். (வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய ரொக்க இருப்பு) 4.5, எஸ்.எல்.ஆர். (அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைக்க வேண்டிய இருப்பு) 18 என்று அன்றைய விகிதங்கள், விழுக்காட்டில். 1969 ஜூலை 19இல் 14 வங்கிகளும் 1980 ஏப்ரலில் 6 வங்கிகளும் நாட்டுடைமையானது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடன் என்பது. 2020 பிப்ரவரி முதல் வைப்புத்தொகைக் காப்பீடு 5 லட்சமாக உயர்ந்தது. இப்படிப் பக்கம் பக்கமாக. நோட்டின் முதல் பக்கத்தில், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு ஒரு பயிற்சி மையத்தின் காணொளியில் வந்த மாதிரி விடை, ஊர்ப் பெயரும் கல்லூரிப் பெயரும் மட்டும் மாற்றப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அதை அவர் மனப்பாடம் செய்திருந்தார்.

சென்னையில் நேர்முகம் முடிந்த அன்றிரவு ஊர் திரும்பும் பேருந்தில், கேட்கப்பட்ட கேள்விகளையும் தான் சொன்ன பதில்களையும் அழைப்புக் கடிதத்தின் பின்புறத்தில் அவர் எழுதிவைத்தார். எழுத்து பேருந்தோடு சேர்ந்து குலுங்கியிருக்கிறது. பல மாதம் கழித்து என் மேசைமீது வைத்த அந்தத் தாள்தான் இந்த ஆய்வுக்கு ஆதாரம்.

தாளின்படி நடந்தது இது. தன்னைப் பற்றிய விடையை அவர் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வாக்கியத்தில் நேர்முகக் குழு உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டு, "அப்பா, அம்மா என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா விவசாயக் கூலி என்று சொன்னவர், அம்மாவைப் பற்றி "ஹவுஸ் வைஃப்" என்றார். அது உண்மையல்ல. அம்மா இருபது ஆண்டுகளாகத் தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்) பெட்டியில் குச்சி அடைப்பவர். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பின்னால் நான் கேட்டபோது, "அப்பாவச் சொன்னதுக்கே மொகத்தப் பாத்தாங்க சார், அம்மாவையும் சொல்ல வாய் வரல" என்றார். உண்மையில் அவர்கள் முகத்தைப் பார்த்ததற்கு எந்தப் பொருளும் இருந்திருக்க வாய்ப்பில்லை. பதில் சொல்பவரின் முகத்தைப் பார்ப்பது கேட்பவரின் வழக்கம்.

அடுத்த கேள்வி, "கோவில்பட்டி எதற்குப் பெயர் பெற்றது?" கடலை மிட்டாய், தீப்பெட்டி என்று சொல்லியிருக்கிறார். கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் சேர்த்துச் சொன்னார், நல்ல பதில். அதன் பிறகுதான் விஷயம் கைமீறியது. "தீப்பெட்டித் தொழிலுக்கு இப்போது என்ன சிக்கல்?" என்று ஒருவர் கேட்டார். அதற்குத் தாளில் எதிரே இருப்பது ஒரு கோடு மட்டுமே.

அந்தக் கேள்விக்கு அவரைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர் அன்று அந்தக் கட்டடத்தில் இருந்திருக்க மாட்டார். 14 ஆண்டுகளாக ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது அவர் வீட்டில் பேசப்பட்ட செய்தி. சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை ஆகியவற்றின் விலையேற்றமும், பெட்டிக்கடையில் தொங்கும் பிளாஸ்டிக் லைட்டர் வியாபாரத்தைத் தின்பதும், ஆபீஸ் வாரத்துக்கு இத்தனை நாள்தான் ஓடுகிறது என்பதும் அம்மாவின் வாயிலிருந்து அன்றாடம் கேட்டவை. ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால், 'உனக்கு இவ்வளவு எப்படித் தெரியும்?' என்ற அடுத்த கேள்வி வரும். வந்தால் 'ஹவுஸ் வைஃப்' என்ற பதில் பொய்யாகிவிடும். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற, தனக்கு மிக நன்றாகத் தெரிந்த விஷயத்தின் கதவை அவரே சாத்திக்கொண்டார். மீதி நேரமும் அந்தப் பதற்றத்திலேயே போயிற்று. நோட்டில் இருந்த எஸ்.எல்.ஆர். விகிதத்தைக்கூடத் தவறாகச் சொன்னார்.

நான் செய்த தவறு

2023 நவம்பரில் அவர் என்னிடம் வந்தார். இரண்டாம் முறை எழுதியிருந்தார்; நேர்முக அழைப்பு வரும் என்று எதிர்பார்த்திருந்தார். அவருடைய கோரிக்கை ஒன்றே: "கான்ஃபிடன்ஸ் வரணும் சார்." முதல் இரண்டு ஞாயிறுகளில் நான் செய்தது அவரது ஆங்கிலத்தைத் திருத்தியதுதான். அவர் ஒரு வாக்கியம் சொல்வார்; நான் வினைச்சொல்லின் காலத்தைத் திருத்துவேன்; அவர் மறுபடி சொல்வார். மூன்றாம் ஞாயிறு அவர் வாக்கியங்கள் ஐந்து சொல்லாகச் சுருங்கிவிட்டன. தவறில்லாமல் பேசக் கற்றுக்கொடுக்கப் போய், பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். முப்பது ஆண்டு கிளைகளில் வேலை பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நடுவில் குறுக்கிட்டால் கடன் கேட்க வந்தவர்கூட வந்த காரணத்தை முழுதாகச் சொல்வதில்லை.

இன்னொன்றும் அப்போது நடந்தது. கைகளை இடுப்பில் ஊன்றி இரண்டு நிமிடம் கண்ணாடி முன் நின்றால் துணிச்சல் சுரக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அவர் தினமும் அப்படிச் செய்துவந்தார். இந்தக் கருத்து 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. 2015இல் 200 பேரை வைத்து வேறு ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, உடலில் மாறுவதாகச் சொல்லப்பட்ட சுரப்புகள் எவையும் மாறவில்லை. முதல் ஆய்வின் ஆசிரியர்களில் ஒருவரான டேனா கார்னியே 2016இல், அந்த விளைவு உண்மையென்று தாம் இனி நம்பவில்லை என்று எழுதினார். நிற்பதால் கேடில்லை. ஆனால் தினம் இரண்டு நிமிடம் நின்றுவிட்டதால் இன்றைய தயாரிப்பு முடிந்தது என்ற நிறைவு வந்துவிடுகிறதே, அதுதான் கேடு.

பேரேடு

திருப்பம் திட்டமிட்டு வந்ததல்ல. ஒரு ஞாயிறு அவர் தாமதமாக வந்தார். காரணம் கேட்டதற்கு, அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் என்றும், குழுவின் கணக்கை எட்டு ஆண்டாகத் தானே எழுதுவதாகவும் போகிற போக்கில் சொன்னார். பத்தாம் வகுப்பிலிருந்து எழுதுகிறார். அந்தப் பேரேட்டை அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னேன்.

கொண்டுவந்தார். சிவப்புக் கோடு போட்ட நோட்டு. உறுப்பினர்களின் பெயர் இடப்பக்கம், வாரச் சேமிப்பு, உள்கடன் (குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன்), வட்டி, வங்கித் தவணை என்று கட்டங்கள். ஒரு பக்கத்தில் ஓர் உறுப்பினரின் வரிசையில் நான்கு வாரம் வெறுமையாக இருந்தது; ஐந்தாம் வாரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. என்ன என்று கேட்டேன். அந்த அக்காவின் கணவர் மருத்துவமனையில் இருந்தார். அந்த அக்காவின் தவணையை மற்றவர்கள் பங்கிட்டுக் கட்டினார்கள். அந்தத் தொகையை அக்காவின் பெயரில் வட்டியில்லாக் கடனாகத் தான் பதிந்ததாகச் சொன்னார். அப்படிப் பதியச் சொன்னது யார்? "நாந்தான் சார். கூட்டத்துல வச்சுப் பேசி, எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன்."

நான் அப்போதுதான் அவருடைய நேர்முகப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அனுபவம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'புத்தகம் வாசித்தல், பாட்டுக் கேட்டல்'. வாசித்த கடைசிப் புத்தகத்தின் பெயரைக் கேட்டபோது விழித்தார். தான் எட்டு ஆண்டு செய்த வேலை படிவத்தில் இல்லை. செய்யாத ஒன்று இருந்தது.

சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992இல் 500 குழுக்களுடன் சோதனையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1989இல் தருமபுரி மாவட்டத்தில் இத்தகைய குழுக்கள் அமைக்கப்பட்டன. தொடர் கூட்டம், தொடர் சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் கடனைத் திருப்பிக் கட்டுதல், அன்றன்றைக்கு எழுதிய கணக்கு ஆகிய ஐந்தையும் பஞ்ச சூத்திரம் என்பார்கள். குழுவுக்குக் கடன் தரலாமா என்று எடைபோடும் வங்கி இந்த ஐந்தைத்தான் பார்க்கிறது. இவர் அவற்றில் ஐந்தாவதைப் பள்ளிப் பருவத்திலிருந்து செய்துவந்தவர். அந்தச் சொற்றொடரை மட்டும் அவர் கேள்விப்பட்டதில்லை. சொன்னபோது சிரித்தார்: "இதுக்கு இப்படி ஒரு பேரு இருக்கா சார்?"

நீள நோட்டை நாங்கள் தூக்கிப் போடவில்லை. ஆனால் அதன் செய்திகளை அவருக்குத் தெரிந்த ஒன்றோடு கட்டத் தொடங்கினோம். வங்கிகள் தங்கள் கடனில் 40 விழுக்காட்டை விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது நோட்டில் வெறும் எண்ணாக இருந்தது. அம்மாவின் குழுவுக்கு வந்த கடன் அந்த 40க்குள், நலிந்த பிரிவினருக்கான பங்கில் வருகிறது என்று தெரிந்த பிறகு அது மறக்கக்கூடிய எண்ணாக இல்லை. ஈடு இல்லாமல் குழுக்களுக்குத் தரக்கூடிய கடனின் வரம்பு 2021இல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமானது. அதைக் குழுக் கூட்டத்தில் அவரே அறிவித்திருந்தார். ஆனால் அது பொது அறிவுக் கேள்விக்கு விடை என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

பயிற்சி நடந்த விதம்

டிசம்பரிலிருந்து பயிற்சி முறையை மாற்றினோம். விடையை எழுதக் கூடாது. கேள்வியைக் கேட்டதும் தமிழில் முழுதாகச் சொல்ல வேண்டும். பிறகு அதையே ஆங்கிலத்தில், இலக்கணம் எப்படியிருந்தாலும், முடிவு வரை சொல்ல வேண்டும். நான் குறுக்கிடமாட்டேன். தவறுகளைக் குறித்துவைத்து, கடைசியில் இரண்டே இரண்டு மட்டும் சொல்வேன். தமிழில் முதலில் சொல்லவைத்ததற்குக் காரணம், தனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே தெரிய வேண்டும் என்பதுதான். மொழி தட்டுப்படுவதையும் விஷயம் இல்லாமையையும் அவர் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தார்.

நோட்டை மறுபடி மறுபடி வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே நெடுநாள் நிற்கும் என்பதை 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்ப வாசித்தவர் முந்துகிறார். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் சொல்லிப் பார்த்தவர் முந்துகிறார். வாசிக்கும்போது 'எல்லாம் தெரியும்' என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிடத்தின் மயக்கம். இந்தப் பெண்ணின் வீட்டில் தனி அறை இல்லை. காலையில் குடிநீர்க் குழாயடியில் வரிசையில் நிற்கும்போது முணுமுணுத்துச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஆச்சி, 'பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டு' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதன் பின் அம்மாவே இரவில் கேள்வித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆங்கிலக் கேள்வியின் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்கும் ஏற்பாடு வந்தது. விடை சரியா என்று அவருக்குத் தெரியாது. மகள் நிறுத்தினாளா, தொடர்ந்தாளா என்று மட்டும் பார்ப்பார். சோதிக்க வேண்டியதும் அதுவே.

நடுக்கம் குறையவில்லை, இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இராது. மாதிரி நேர்முகத்தில் ஒவ்வொரு முறையும் அவர் விரல்கள் நடுங்கின. அதைக் கேட்பவர்கள் எல்லோரும் கவனிக்கிறார்கள் என்பது அவருடைய பயம். ஒருநாள் அவர் பேசுவதைக் கைபேசியில் பதிந்து, அவரிடமே காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "இதுல நடுங்குறது தெரியலயே சார்" என்றார். நம் உள்ளத்துப் பதற்றம் வெளியே இருப்பதைவிட மிக அதிகமாகத் தெரிவதாக நாமே நினைத்துக்கொள்கிறோம் என்பதை உளவியலாளர்கள் கிலோவிச்சும் சவிட்ஸ்கியும் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2003இல் வெளியான அவர்களது ஆய்வில், மேடையேறப் போகிறவர்களிடம் இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லிவைத்தபோது அவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். அந்தக் காணொளி செய்ததும் அதைத்தான். நடுக்கம் நின்றதா என்றால் இல்லை. நடுக்கத்தைப் பற்றிய கவலை நின்றது.

'தெரியாது' என்று சொல்வதற்குத் தனியாக ஒரு ஞாயிறு தேவைப்பட்டது. இதைச் சிறிய விஷயமாக நினைத்திருந்தேன். முதல் நேர்முகத்தில் தெரியாத கேள்விகளுக்கு அவர் தரையைப் பார்த்து மௌனமாக இருந்தார், அல்லது ஊகித்தார். அன்று அவருக்கு நிச்சயம் தெரியாத கேள்விகளாக இருபதைத் தேர்ந்து கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து பார்த்து, "மன்னிக்கவும் சார், எனக்கு இது தெரியவில்லை" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருக்க வேண்டும். முதல் ஐந்தில் குரல் உடைந்தது. பத்துக்கு மேல் எரிச்சல் வந்தது. பதினெட்டாவதில் சிரித்துவிட்டார்.

அம்மாவின் வேலையைப் பற்றி நான் எதையும் அறிவுறுத்தவில்லை. புதிய படிவத்தை நிரப்பும்போது அவரே அதை எழுதினார்.

இரண்டாம் நேர்முகம்

2024 பிப்ரவரியில் நடந்தது. இம்முறையும் பேருந்தில் எழுதிய தாள் உண்டு, இருபக்கமும் நிரம்பியிருக்கிறது.

பெற்றோர் பற்றிய கேள்விக்கு, அப்பா விவசாயக் கூலி, அம்மா தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவர், மகளிர் குழு ஒன்றின் உறுப்பினர், அந்தக் குழுவின் கணக்கை நான் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு உரையாடலில் பெரும்பகுதி அங்கேயே நின்றது. நேர்முகக் குழு உறுப்பினர் ஒருவர், பாதுகாப்புத் தீக்குச்சி என்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டார். உரசினால் பற்றவைக்கும் சிவப்புப் பாஸ்பரஸ் குச்சியில் இல்லாமல் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கிறது, அதனால் குச்சி கண்ட இடத்தில் பற்றாது என்றார். தொழிலின் சிக்கல் என்ன என்ற அதே கேள்வியும் வந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை விதித்ததைச் சொல்லி, ஆனாலும் பெட்டிக்கடையில் அவை இன்னும் கிடைக்கின்றன என்று தான் கண்டதையும் சேர்த்துச் சொன்னார்.

நேர்முகக் குழுத் தலைவர் கேட்டது கடினமானது: மகளிர் குழுவில் ஒருவர் தவணை கட்டாவிட்டால், கிளை அதிகாரியாக நீங்கள் என்ன செய்வீர்கள்? மற்ற உறுப்பினர்களை நெருக்குவீர்களா? அவர் பேரேட்டின் அந்தப் பக்கத்தைச் சொன்னார். பிறகு, அதிகாரியாக இருந்தால் முதலில் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன், நான்கு வாரம் வெறுமையாக இருந்தால் காரணம் விசாரிப்பேன், நோட்டே எழுதப்படாமல் இருந்தால் அதுதான் பெரிய கவலை என்றார். இதைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் தடுமாறியதாகத் தாளில் அவரே குறித்திருக்கிறார். யாரும் திருத்தவில்லை; பொறுத்திருந்து கேட்டார்கள்.

அயல்நாட்டுச் செலாவணி தொடர்பான இரண்டு கேள்விகளுக்குத் தெரியவில்லை என்றார். தாளில் அந்த இரண்டுக்கும் எதிரே கோடு இல்லை. 'தெரியாதுன்னு சொன்னேன்' என்று எழுதியிருக்கிறது.

மறுநாள் காலையில் அவர் தொலைபேசியில் பேசியபோது, வேலை கிடைக்குமா என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஓர் அம்மையார், நேர்முகக் குழு உறுப்பினர்களில் ஒருவர், தான் வெளியே வரும்போது, உங்கள் ஊர் கடலை மிட்டாய் எங்கே வாங்கினால் நன்றாக இருக்கும் என்று கேட்டதாகவும், ஒரு கடைப் பெயரைச் சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

இந்த ஒரு நிகழ்வை வைத்து எல்லோருக்கும் பொருந்தும் முறை கிடைத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இவரிடம் ஒரு பேரேடு இருந்தது. நேர்முகக் குழுவும் பேசவிட்டுக் கேட்கும் குழுவாக அமைந்தது. அதே மாதத்தில் என்னிடம் பயின்ற இன்னொருவர், இதே முறையில் தயாராகியும், இந்தியில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியில் தடுமாறி மீளவில்லை. அவருக்கு நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பெண் இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு கிளையில் இருக்கிறார். அம்மாவின் குழுக் கணக்கைப் பக்கத்து வீட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி எழுதுகிறாள். கூட்டல் பிசகினால் ஞாயிறு இரவு பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறாள். இவர் கூட்டிப் பார்த்துவிட்டு, எந்த வரிசை என்று மட்டும் சொல்கிறார்.